சின்னம்மா தொலைபேசி எடுப்பதில்லை

குணவதி தொலைபேசி எடுப்பதில்லை. டொரண்டோவின் வெக்ஸ்போர்டில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பதினோராம் மாடியில், சமையலறைச் சுவரில் தொங்கும் மஞ்சள் தொலைபேசி அடிக்கத் தொடங்கினால் அவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துவார். மாக் கையோ ஈரக் கையோ, இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்ப்பார். ஒரு அடி வைத்தால் எட்டிவிடும். வைக்கமாட்டார். அடித்து ஓய்ந்த பிறகு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்குவார்.

“குணவதியக்காவுக்குச் செத்தவீடு சொல்லுறதெண்டாலும் பஸ் எடுத்துப் போய்த்தான் சொல்லவேணும்” என்று கோயில் மடைப்பள்ளியில் பெண்கள் பகிடி பண்ணுவார்கள்.

“வந்து சொல்லுங்கோவன். வந்தால் ஒரு தேத்தண்ணியாவது ஊத்தித் தருவன். போனுக்குள்ளாலை என்னத்தை ஊத்துறது?” என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். “எனக்கு உந்த மிசினுகள் ஒத்துவராது பிள்ளையள்.”

மிசின் ஒத்துவராத அந்த மனுசி எட்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் குளிர்ச்சட்டைகளுக்கு ஸிப் தைத்தவர். ஒரு நாளைக்கு முந்நூறு ஸிப். வலது சுட்டுவிரலில் ஊசி ஏறி இறங்கிய தழும்பு இருந்தது. அளவெட்டியில் பிறந்து, கலியாணம் கட்டி, எண்பத்தைந்தில் புருசனோடு கனடாவுக்கு வந்தவர். இரண்டாம் பனிக்காலத்தில் புருசன் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. எண்பத்தொன்பதில் அக்காவின் மகன் சண்முகநாதன் அகதியாக வந்து இறங்கியபோது, மற்ற அறையில் இருந்த தையல் துணிகளை அள்ளி அலமாரிக்குள் அடைத்துவிட்டு, “இனி இது உன்ரை அறை” என்றார். சண்முகநாதன் அன்றிலிருந்து அங்கேதான் இருந்தான்.

அவன் யாழ்ப்பாணத்தில் குளிரூட்டல் தொழில்நுட்பம் படித்தவன். வெக்ஸ்போர்டைச் சூழ்ந்த ஸ்காபரோவின் கட்டடக் கூரைகளில் இருக்கும் பெரிய ஏசிகளைத் திருத்துவது அவன் வேலை. கோடை வந்தால் அவனைப் பிடிக்க முடியாது. பேச்சு குறைவு. எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவான். சின்னம்மா தொலைபேசி எடுக்காமல் விட்டது எப்போதிருந்து என்று யாரும் கேட்டால் அவனிடம் பதில் இருந்தது. தொண்ணூற்று நான்காம் ஆண்டு யூலை மாதத்திலிருந்து. அம்மா செத்த செய்தி அந்தத் தொலைபேசியில்தான் வந்தது. அதனால்தான் அவருக்கு அது வெறுத்துப்போனது என்று அவன் நினைத்தான். மூன்று வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அம்மாவின் பெயர் தையல்நாயகி. குணவதிக்கு இரண்டு வயது மூத்தவர். இரண்டு பேருக்கும் ஒரே முகம். ஊர்ச் சந்தையில் மீன்காரர்கள் ஒருவரை மற்றவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தொண்ணூற்று நான்கின் தொடக்கத்தில் சண்முகநாதனுக்கு நிரந்தர வதிவுரிமைப் பத்திரம் வந்திருக்கவில்லை. அம்மாவை முறைப்படி கூப்பிட முடியாது. அங்கே அம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் வந்து நின்றிருந்தார்.

“என்ரை முகம்தானே அக்கான்ரை முகம்” என்றார் சின்னம்மா ஒருநாள், பருப்புக் களைந்துகொண்டு. “என்ரை பாஸ்போட்டிலை வரட்டும். நான் துலைஞ்சு போச்செண்டு சொல்லுறன்.”

“பிடிபட்டால் உங்களுக்குத்தான் கரைச்சல், சின்னம்மா.”

“எனக்கென்ன கரைச்சல். அக்கா வந்து உந்தக் கதிரையிலை இருக்கட்டும். பிறகு வாறவங்கள் வரட்டும்.”

அப்படித்தான் நடந்தது. அம்மா கொழும்பு வந்து, ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஒரு ஏஜென்சிக்காரனோடு பாங்கொக் போய், அங்கே ஒரு விடுதி அறையில் விமானத்துக்குக் காத்திருந்தார். ஒரு கிழமை என்றான் ஏஜென்சிக்காரன். ஆறு கிழமை ஆனது. அந்த ஆறு கிழமையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சண்முகநாதன் தொலைபேசியில் அம்மாவுக்குப் பாடம் எடுத்தான். விமான நிலைய அதிகாரிகள் கேட்கக்கூடிய இருபத்திரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தான். புது இயந்திரத்தை ஓடவிடமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒரு பட்டியல் வைத்திருப்பான். அதே மாதிரிப் பட்டியல்.

“பேர்?”

“குணவதி.”

“பிறந்த திகதி?”

அம்மா சொன்னார். தங்கச்சியின் பிறந்தநாள் அவருக்குப் பாடமாக்கத் தேவையில்லை.

“கனடாவிலை வீட்டு போன் நம்பர்?”

பத்து இலக்கங்களையும் தேவாரம் மாதிரி இழுத்துச் சொன்னார்.

“ஆரும் தமிழிலை கதைச்சு, நானும் யாழ்ப்பாணம்தான் அம்மா, உங்கடை சொந்தப் பேரைச் சொல்லுங்கோ எண்டு கேட்டால்?”

“அதென்னடா அப்பிடியும் கேப்பினமோ?”

“கேப்பாங்கள். தமிழாக்களை வைச்சுத்தான் பிடிக்கிறவங்கள். என்ன சொல்லுவியள்?”

“குணவதி.”

“நித்திரையிலை எழுப்பிக் கேட்டால்?”

“குணவதி. குணவதி. குணவதி. போதுமே, வாத்தியார்?” அம்மா சிரித்தார். “இஞ்சை சரியான வெக்கையடா தம்பி. ஏசி எண்டு ஒரு பெட்டி கிடக்கு. தண்ணியை மட்டும் ஒழுக்குது. நீ வந்து பாத்தியெண்டால் ஒரு நிமிசத்திலை திருத்திப் போடுவாய்.”

யூலை பன்னிரண்டாம் திகதி மாலை ஏஜென்சிக்காரன் தொலைபேசியில் அழைத்தான்; சண்முகநாதன்தான் எடுத்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து செத்துப்போனா, வெயிலுக்கு வைத்திருக்க முடியாது, எரித்தாயிற்று என்றான். எப்போது என்று கேட்டதற்கு முதலில் இன்று விடியற்புறம் என்றான். பேசி முடிக்கும்போது நேற்று என்றான். பிறகு அவனுடைய எண் வேலை செய்யவில்லை.

ஐயரிடம் கேட்டார்கள். திகதி நிச்சயமில்லாவிட்டால் செய்தி கேட்ட நாளையே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆனி மாதம், வளர்பிறைச் சதுர்த்தி. சண்முகநாதன் மொட்டை அடித்தான். எட்டாம் நாள், பத்தொன்பதாம் திகதி, எட்டுச்செலவுப் படையல் செய்தார்கள். அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சின்னம்மா சமைத்தார். நெத்தலி பொரித்தபோது புகை கூடி, தீ எச்சரிக்கை மணி அலறி, அடுத்த வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். வாழையிலை கிடைக்காத வேளை. கடுதாசித் தட்டில் படைத்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. பிறகு வருடா வருடம் ஆனிச் சதுர்த்தியில் திவசம்.

ஆனால் அந்தத் திகதி சண்முகநாதனுக்குள் ஒட்டவில்லை. பிழையான நாளில் திவசம் கொடுத்தால் அம்மா வந்து பார்த்துவிட்டு ஆளில்லாத வீடு என்று திரும்பிப்போவா என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. இப்படியான எண்ணங்கள் வருகிற ஆள் அல்ல அவன். கூரையில் நின்று அமுக்கமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வரும். பார்த்த அளவை மறந்து மறுபடி பார்ப்பான்.

தொண்ணூற்றேழு வசந்தத்தில், பக்கத்துப் பகுதியான வோபர்னில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பலம் ஒரு தகவல் சொன்னார். அவரும் பாங்கொக் வழியாக வந்தவர்.

“அங்கை எங்கடை ஆக்கள் செத்தால் கஸ்பர் எண்டொரு மனுசன்தான் பாக்கிறது, சண். குருநகர் ஆள். எல்லாத்தையும் கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறான். எந்தப் பேரிலை செத்தது, எப்ப செத்தது, சாம்பல் எங்கை கிடக்கு, எல்லாம். கோயில் பேர் எழுதித் தாறன். போய்க் கேள்.”

சண்முகநாதனுக்கு அந்த வருடம்தான் கனடாக் கடவுச்சீட்டு வந்தது. யூலையில், வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது, பத்து நாள் விடுப்பு எடுத்தான்.

“ஏன் இப்ப போறாய்?” என்றார் சின்னம்மா. அவனுடைய சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார். “செத்தது செத்ததுதானே.”

“சாம்பல் கிடக்காம். திகதியும் தெரியவேணும்.”

“திகதியை மட்டும் கேள். வேறை ஒண்டையும் தோண்டாதை.”

அவனுக்காகப் பயப்படுகிறார் என்று எண்ணினான்.

பாங்கொக்கில் வெயில் மேலே இருந்து மட்டும் வரவில்லை. நாலு பக்கமும் இருந்து வந்தது. கட்டடம் கட்டடமாக, யன்னலுக்கு ஒன்றாக ஏசிப் பெட்டிகள் தொங்கின. உள்ளே இருந்து உறிஞ்சிய வெக்கையை எல்லாம் தெருவில் கொட்டின. ஆயிரம் அறைகளைக் குளிர்த்திய சூட்டுக்குள் சனம் நடந்தது. அவனுக்கு அந்தக் கணக்கு விளங்கியது. விளங்கியதால் வேர்வை குறையவில்லை. மத்தியானம் திடீரென்று மழை கொட்டியது. பத்து நிமிடத்தில் நின்றது. தெரு ஆவி விட்டது. மல்லிகை மாலை, மீன்சாறு, சாக்கடை எல்லாம் ஒரே மணமாக எழும்பியது. முன்னால் போன ஒரு பெண், அம்மாவைப் போலவே சேலைத் தலைப்பால் பிடரியைத் துடைத்தாள். அவன் இரண்டு சந்தி வரைக்கும் பின்னாலேயே போனான். அவள் திரும்பினாள். வேறு யாரோ.

கஸ்பருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் செபமாலை, காலில் செருப்பு, கையில் குடை.

“கனடாவோ?” என்றார். “நானும் கனடாதான், தம்பி. எண்பத்தெட்டிலை வெளிக்கிட்டனான். இன்னும் போய்ச் சேரேல்லை. ஒம்பது வருசமா ட்ரான்சிற்.” தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறகு, “ஆரின்ரை பேரிலை?” என்றார்.

“விளங்கேல்லை, அண்ணை.”

“அம்மா ஆரின்ரை பேரிலை செத்தவ? இஞ்சை ஒருத்தருக்கும் சொந்தப் பேர் இல்லை.”

“குணவதி.”

கஸ்பரின் முகம் மாறியது. குடையை விரித்தார். மழை இல்லை. மறுபடி மடித்தார்.

“நீர்தானோ வாத்தியார்?” என்றார் மெதுவாக.

முதலில் விடுதிக்குக் கூட்டிப்போனார். அவன்தான் கேட்டான். நாலாம் மாடி, தெருப் பக்கம். விடுதிக்காரி ஒரு மணித்தியாலத்துக்குத் திறந்துவிட்டாள். இரண்டு கட்டில், ஒரு கதிரை. யன்னலுக்கு மேல் அந்த ஏசி. அதே பெட்டியாகத்தான் இருக்கவேண்டும். கீழே சுவரில் தண்ணீர் ஓடிய மஞ்சள் கோடு. சண்முகநாதன் கதிரையில் ஏறி மூடியைக் கழற்றினான். வடிகட்டி முழுக்க சாம்பல் நிறப் பஞ்சு. காற்றுப் போக வழியில்லை. தண்ணீர் போகும் குழாயில் பாசி. குளியலறையில் வடிகட்டியைக் கழுவினான். குழாயை வாயால் ஊதினான். திரும்பப் பூட்டிப் போட்டான். குளிர்காற்று சீராக வந்தது. ஒழுகவில்லை. ஐந்து நிமிட வேலை.

கதிரையில் இருந்து இறங்க முடியவில்லை. கஸ்பர் கையைக் கொடுத்தார்.

பௌத்தக் கோயில் வாய்க்கால் கரையில் இருந்தது. பின்மதிலில் வரிசை வரிசையாகச் சின்ன மாடங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவருடைய சாம்பல். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு தகடு, படம், பெயர், திகதி.

“வேதக்காரன் நான். சைவக்கார அம்மாவைப் புத்தரிட்டை குடி வைச்சிருக்கிறன். மூண்டு பேரும் ஒத்துமையாத்தான் இருக்கினம்” என்றார் கஸ்பர். “இந்தா.”

தகட்டில் சின்னம்மா இருந்தார்.

வெக்ஸ்போர்ட் வீட்டுக் கதிரையில் இருந்து அவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உயிரோடு இருக்கிற ஒருவரின் முகத்துக்குக் கீழே காய்ந்த மாலை. கைப்பையில் அந்த ஒரு படம்தான் இருந்தது என்றார் கஸ்பர். கடவுச்சீட்டை ஏஜென்சிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோயிலில் படம் கேட்டார்கள். அதையே அவர் கொடுத்தாராம்.

கீழே தாய்லாந்து எழுத்து. சண்முகநாதனால் வாசிக்க முடியவில்லை.

“திகதி எது, அண்ணை?”

“இதுதான். இருபத்தொண்டு, யூலை.”

“பன்னிரண்டு.”

“இல்லைத் தம்பி. இருபத்தொண்டு. விடியக் காலமை. நான் பக்கத்திலை நிண்டனான்.” கொப்பியைத் திறந்து காட்டினார். நீல மையில் தமிழில் எழுதியிருந்தது.

சண்முகநாதன் கழித்துப் பார்த்தான். ஒன்பது. மறுபடி கழித்தான். ஒன்பதுதான் வந்தது.

கஸ்பர் அவனை மதில் நிழலில் இருத்தினார். ஒரு இளநீர் வாங்கி வந்து கையில் வைத்தார். பிறகு சொன்னார். காய்ச்சல் கூடியதும் ஏஜென்சிக்காரன் அம்மாவை ஒரு ஆசுப்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். செத்துப்போனா என்று சொன்னால் வீட்டுக்காரர் தேடி வரமாட்டார்கள். உயிரோடு என்றால் வருவார்கள், கேட்பார்கள். அவனுக்கு அதுதான் சுகம். மொழி தெரியாத அம்மாவோடு கதைக்க ஆசுப்பத்திரிக்காரர்கள் பதினான்காம் திகதி கஸ்பரைக் கூப்பிட்டார்கள்.

“நானும் யாழ்ப்பாணம்தான் அம்மா, உங்கடை சொந்தப் பேரைச் சொல்லுங்கோ எண்டன். சிரிச்சா. குணவதி எண்டா. இஞ்சை பயமில்லை அம்மா, சொல்லுங்கோ எண்டன். ‘உந்தக் கேள்வியையும் வாத்தியார் சொல்லித் தந்தவர், தம்பி’ எண்டா. கடைசி வரைக்கும் குணவதிதான்.”

சண்முகநாதன் இளநீரைக் குடிக்கவில்லை.

“நம்பர் ஒண்டு மட்டும் தந்தா. பாட்டு மாதிரிச் சொன்னா. தன்ரை வீட்டு நம்பராம். பதினைஞ்சாம் திகதி காலமை எட்டு மணிக்கு அந்தா, அந்தக் கடையிலை இருந்து போன் அடிச்சனான். ஒரு பொம்பிளை எடுத்தா. அக்கா, குணவதியம்மான்ரை வீடோ எண்டன். அவவுக்கு இஞ்சை கடுமையா இருக்கு, ஆசுப்பத்திரியிலை கிடக்கிறா எண்டன். பிறகு, ‘அவ செத்து மூண்டு நாள். இனி இஞ்சை போன் அடிக்காதேங்கோ’ எண்டு சொல்லி வைச்சிட்டா. உயிரோடை கிடக்கிற மனுசியை. நான் அதுக்குப் பிறகும் அடிச்சனான், தம்பி. பதினாறு, பதினேழு, பதினெட்டு. அடிச்சுக்கொண்டே இருந்தது. ஒருத்தரும் எடுக்கேல்லை.”

காலை எட்டு மணி. டொரண்டோவில் முதல் நாள் இரவு ஒன்பது. அவன் அந்தக் கிழமை முழுக்க மேலதிக வேலை. சாவுத் துடக்கு வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறான் என்று கோயிலில் கதைத்தார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

“போய் என்ன சொன்னனீங்கள், அம்மாட்டை?”

“என்னத்தைச் சொல்லுறது. வருகினமாம் அம்மா எண்டன். மகன் வெளிக்கிட்டிட்டாராம் எண்டன்.” கஸ்பர் செபமாலையைத் தடவினார். “பொய்தான். ஆனால் அதுக்குப் பிறகு ஆள் நல்லா நித்திரை கொண்டா. கடைசி நாலு நாளும் சாப்பிடேல்லை. பத்தொன்பதாம் திகதி மட்டும், ‘தம்பி, எங்கையோ நெத்தலி பொரிக்கினம், மணக்குதெல்லே’ எண்டா. ஆசுப்பத்திரியிலை மருந்து மணம்தானே. பிறகு சொன்னா, வயிறு நிரம்பிப் போச்சாம்.”

சண்முகநாதன் எழுந்தான். பையிலிருந்து திருகாணிச் சாவியை எடுத்தான். தகட்டில் நாலு திருகாணி. நாலையும் கழற்றி, உள்ளே இருந்த சாம்பல் பாத்திரத்தை வெளியே எடுத்தான்.

அன்று மாலை, வாய்க்காலுக்கு அப்பால் இருந்த அதே கடைக்குப் போனான். அதே தொலைபேசி என்று கஸ்பர் சொன்னார். வீட்டு எண்ணைச் சுழற்றினான். டொரண்டோவில் காலை. சின்னம்மா தேத்தண்ணி போடும் நேரம். அடித்தது. வயிற்றோடு கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பது தெரிந்தது. இருபது வரைக்கும் எண்ணினான். கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தான். வந்தது. ஆனால் அது யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. ஏஜென்சிக்காரன் சொன்னதை அளந்து பார்க்காமல் நம்பியது அவன். மொட்டை அடித்தது அவன். இருபத்திரண்டு கேள்வி எழுதியது அவன். இருபத்தொன்றாவதில் ரிசீவரைக் கீழே வைத்தான்.

சாம்பலை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கமில்லை. திரும்பி வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் இருந்து பொன்னம்பலத்தின் கடைக்குப் போன் பண்ணிச் சொல்ல, அவர் சின்னம்மாவைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்துக்கு வந்தார். பதினேழாம் திகதி. டொரண்டோவும் அன்று வெந்தது. மணலில் குடும்பங்கள் இறைச்சி வாட்டின. பொன்னம்பலம் வேனடியில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் நாணல் பக்கமாகப் போய், முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார்கள்.

சின்னம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்தார்.

“அக்கா என்ன பாரம் குறைஞ்சு போனா” என்றார்.

கரைத்தார்கள். கொஞ்ச நேரம் வெளிறிய ஒரு கோடு தண்ணீரில் நின்றது. பிறகு ஏரி எடுத்துக்கொண்டது.

கரைக்கு வந்து துவாயை எடுக்கப் பையைத் திறந்தபோது தகடு கையில் அகப்பட்டது. அவன் மறைக்கப் பார்த்தான். முடியவில்லை. சின்னம்மா வாங்கிப் பார்த்தார்.

“இது நானெல்லே.”

“அம்மான்ரை பையிலை உங்கடை படம்தான் இருந்ததாம்.”

“மூண்டு வருசமா அங்கை வெயிலுக்கை நிண்டிருக்கிறன் பார்.” விரலால் தன் முகத்தைத் துடைத்தார். ஊசித் தழும்பு விரல். “கீழை என்ன எழுதிக் கிடக்கு?”

“உங்கடை பேர்.”

“அதுக்குக் கீழை?”

“திகதி.”

சின்னம்மா தகட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார். இரண்டு கைகளும் மெல்ல எழுந்து வயிற்றோடு சேர்ந்தன. அப்படி நின்று அவன் வாயைப் பார்த்தார்.

சண்முகநாதன் இந்த ஒரு திகதிக்காகத்தான் போயிருந்தான். ஆடி மாதம், வளர்பிறைச் சதுர்த்தசி. இந்த வருடம் அது நாளை மறுநாள் வருகிறது. ஐயருக்குச் சொல்லி, சரியான நாளில், சரியான மாதத்தில் அம்மாவைக் கூப்பிடலாம். சொன்னால் சின்னம்மா கழித்துப் பார்ப்பார். அவருக்கும் ஒன்பதுதான் வரும். பதினான்காம் திகதி இரவு வந்த குரல் யாருடையது என்று அதோடு தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அம்மாவுக்கு என்றைக்கும் பிழையான நாள்தான். இனி அதை மாற்ற வழியில்லை.

வருகினமாம் அம்மா எண்டன். ஆள் நல்லா நித்திரை கொண்டா.

“பன்னிரண்டு” என்றான். “யூலை பன்னிரண்டு. ஏஜென்சிக்காரன் சொன்னது சரி.”

“வடிவாப் பாத்தனியோ?”

“கொப்பியிலையும் பாத்தனான்.”

சின்னம்மாவின் கைகள் கீழே விழுந்தன. மணலில் இருந்தார். நனைந்த சேலையோடு இருந்து அழுதார். சத்தமாக, பக்கத்தில் இறைச்சி வாட்டியவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. எட்டுச்செலவிலும் அந்தியேட்டியிலும் அவர் இப்படி அழுததை அவன் பார்த்ததில்லை.

“ஒரு போன் வந்தது, தம்பி” என்றார் கடைசியில். “அவன் சொல்லி ரெண்டு நாளாலை. ஆரோ ஒருத்தன், அக்கா உயிரோடை கிடக்கிறா எண்டு. ஏய்க்கிறாங்கள் எண்டு நினைச்சு, பேசி வைச்சிட்டன். உனக்குச் சொல்லேல்லை. பிறகு பிறகுதான்… உண்மையாயிருந்தால் எண்டு… ஒவ்வொரு முறை அடிக்கேக்கையும்…”

“கள்ளன், சின்னம்மா.”

“கள்ளன்தான், என்ன?”

“கள்ளன்தான்.”

பொன்னம்பலம் வேனில் இருந்து ஒரு போத்தல் சோடா கொண்டுவந்து, “அழுங்கோ அக்கா, அழுதால்தான் சரி. பிறகு இதைக் குடியுங்கோ, வெய்யில்” என்றார்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகி, சின்னம்மா உலை வைத்தார். சண்முகநாதன் தன் அறையில் பையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தகட்டைத் துணியில் சுற்றி, கருவிப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தான். அப்போது சமையலறையில் தொலைபேசி அடித்தது.

அவன் எழும்பவில்லை. நாலாவது மணியில், ஈரக்கையைச் சேலையில் துடைக்கும் சத்தம். காலடி ஒன்று. மணி நின்றது.

“ஹலோ” என்றார் சின்னம்மா. செருமினார். “ஓம். ஓம், குணவதிதான் கதைக்கிறன்.”

சனிக்கிழமை சதுர்த்தசி. சண்முகநாதன் வெக்ஸ்போர்டில் ஒரு கட்டடக் கூரையில் வேலை செய்தான். காலையிலிருந்து தண்ணீர் மட்டும். மத்தியானம் கருவிப் பெட்டியைத் திறந்து, தகட்டின் மேல் துணியை விலக்கி, சின்னம்மாவின் முகத்துக்கு முன்னால் ஒரு தோடம்பழத்தை வைத்துவிட்டு, அம்மா என்றான். காற்றாடிகளின் இரைச்சலில் அவனுக்கே கேட்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது சின்னம்மா தொலைபேசி வயரைச் சுருட்டிச் சுருட்டி யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா தொலைபேசி எடுக்கிறார் என்று கோயில்காரப் பெண்கள் எல்லோருக்கும் செய்தி போயிருந்தது. வைத்தால் மறுபடி அடித்தது. எடுத்தார். கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவன் பக்கம் நீட்டினார்.

“உனக்குத்தான் தம்பி. தூரத்துப் போன் போலக் கிடக்கு, இரையுது. ஆம்பிளைக் குரல்.”

கஸ்பருக்கு இந்த எண் தெரியும். சண்முகநாதன் அந்தச் சுருள் வயரைப் பார்த்தான். ஒரு அடி வைத்தால் எட்டிவிடும்.

“நான் இல்லையெண்டு சொல்லுங்கோ” என்றான்.